இந்த விலைக்கு இது போதும்: மலிவுக் குறுங்கணினிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மலிவான சிறு மடிக்கணினிகளைப் பற்றி 2007 முதல் இன்று வரை எழுதப்பட்ட மதிப்புரைகளையும் பயனர் குறிப்புகளையும் வரிசையாகப் படிப்பவர், ஒரே தீர்ப்பைப் பல சொற்களில் காண்பார். கருவி மெதுவாக இயங்குகிறது, இரண்டு செயலிகளைச் சேர்த்துத் திறந்தால் திணறுகிறது, காணொளி விட்டுவிட்டு ஓடுகிறது என்று குறைகளை அடுக்கிய பின், ‘இந்த விலைக்கு இது போதும்’ என்று முடிப்பார்கள். இதைப் பயனரின் நடைமுறை அறிவு என்று கடந்துபோவது வழக்கம். தொழில்நுட்ப வரலாறு பயில்வோர்க்கு இது ஓர் ஆய்வுப் பொருளாக வேண்டும். எதிர்பார்ப்புக்கும் ஆண்டுகள் உண்டு, ஆவணங்கள் உண்டு, அதை வகுத்தவர்களும் உண்டு.

‘போதும்’ என்று சொன்னவர் யார், யாருக்குப் போதும் என்று சொன்னார் என்ற கேள்வியை, 2005 முதல் 2013 வரையான காலத்தை மையமாக வைத்து இந்த நெடும்பதிவில் பார்க்கிறேன். என் வாதம் சுருக்கமானது. மலிவுக் கணினி போதும் என்று முதலில் தீர்ப்பளித்தவர்களிடம் பெரும்பாலும் வேறொரு நல்ல கணினி இருந்தது. அந்தத் தீர்ப்பே பின்னர் மென்பொருள் உரிமங்களிலும் கொள்முதல் ஆவணங்களிலும் எல்லைக்கோடாக எழுதப்பட்டு, வேறு கணினி இல்லாதவர்கள் மீது வந்து இறங்கியது.

1. மெதுவான கருவியும் ஏமாற்றும் கருவியும்

வேகக் குறைவு மட்டுமே எரிச்சலுக்குக் காரணம் என்றால், 1981 மார்ச்சில் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81 மக்களின் வெறுப்புக்கு ஆளாகியிருக்க வேண்டும். உதிரிப் பாகங்களாக வாங்கினால் 49.95 பவுண்டு, பூட்டி முடித்ததாக வாங்கினால் 69.95 பவுண்டு. நினைவகம் 1 கிலோபைட் மட்டுமே. திரையை வரைவதற்கெனத் தனிச் சில்லு கிடையாது; மையச் செயலியே திரையையும் வரைந்துகொண்டு, எஞ்சிய நேரத்தில் கணக்கையும் போட வேண்டும். கணக்கு விரைவாக முடிய வேண்டுமென்றால் ‘ஃபாஸ்ட்’ என்று கட்டளையிட வேண்டும். அப்போது கணக்கு முடியும் வரை திரை வெறுமையாகிவிடும். ‘ஸ்லோ’ என்று கட்டளையிட்டால் திரை மீளும், வேகம் போய்விடும்.

இந்தக் கருவி இலட்சக்கணக்கில் விற்றது. ஒரு தலைமுறையின் நிரலாளர்கள் பலர் இதில் கற்றார்கள். கவனிக்க வேண்டியது, அதன் குறை மறைக்கப்படவில்லை என்பது. வேகத்துக்கும் காட்சிக்கும் இடையிலான பேரத்தைப் பயனரே தட்டச்சு செய்தார். உடன் வந்த கையேடு அவருக்கு நிரல் எழுதக் கற்றுத் தந்தது. குறைந்த திறன், குறைந்த விலை, அவற்றுக்கேற்ற மென்பொருள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் திட்டமிடப்பட்டிருந்தன. கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த குறுங்கணினிகளில் இந்த மூன்றும் மூன்று வேறு இடங்களில் தீர்மானிக்கப்பட்டன. எரிச்சலின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

2. நூறு டாலர் என்னும் இலக்கு

2005 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, வளரும் நாடுகளின் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தரும் திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த தகவல் சமூக உச்சி மாநாட்டில் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானுடன் மேடையேறி முன்மாதிரி காட்டப்பட்டது. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென அதில் பொருத்தப்பட்டிருந்த கைச்சுழலி, அந்த அறிமுகத்தின்போதே கழன்று வந்தது.

2007 நவம்பரில் பெருமளவு உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ-1 கருவியில் 433 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், 1 ஜிபி சேமிப்பகம் இருந்தன. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அதன் திரையை வெயிலிலும் படிக்க முடிந்தது. இன்றைய விலையுயர்ந்த மடிக்கணினிகள் பலவற்றில்கூட அந்த வசதி இல்லை. ஆக, இத்திட்டத்தைக் குறைந்த எதிர்பார்ப்பின் விளைபொருள் என்று சொல்ல இயலாது. குழந்தையைப் பற்றி மிக உயர்ந்த எதிர்பார்ப்பும், பள்ளியையும் ஆசிரியரையும் பற்றி மிகக் குறைந்த எதிர்பார்ப்பும் கொண்டது அது. ‘சுகர்’ என்ற புதிய இடைமுகம் அந்தச் சிறிய செயலியில் தயங்கித் தயங்கியே நகர்ந்தது. விலையும் 100 டாலருக்கு இறங்கவில்லை. 200 டாலரை ஒட்டியே நின்றது.

இந்தியா இதில் சேர மறுத்தது. 2006இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், வகுப்பறைகளும் ஆசிரியர்களும் இதைவிட அவசரத் தேவை என்றும், திட்டத்தின் கல்வியியல் அடிப்படை ஐயத்துக்குரியது என்றும் சொல்லி ஒதுங்கியது. பெரு நாட்டில் 319 ஊரகத் தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மாணவர் அடைவில் விளைவு ஏதும் தெரியவில்லை என்றது. அமைச்சகத்தின் ஐயம் முற்றிலும் பொய்க்கவில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் அத்திட்டம் கணினித் தொழிலில் ஒரு மாற்றத்தை உண்டாக்கியது. அதுவரை உற்பத்தியாளர்கள் திறனை முதலில் வகுத்து விலையைப் பின்னர் கணக்கிட்டார்கள். இனி விலையை முதலில் எழுதி, அதற்குள் என்ன அடங்கும் என்று பார்க்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. தைவான் நிறுவனங்கள் அதைப் பற்றிக்கொண்டன.

3. ஈ பிசியும் இரண்டாம் கணினியும்

ஆசுஸ் நிறுவனம் 2007 ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ‘ஈ பிசி’யை அறிவித்தது. அக்டோபரில் விற்பனைக்கு வந்த 701 என்ற முதல் வகையின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 7 அங்குலத் திரை, 512 எம்பி நினைவகம், 4 ஜிபி திண்மச் சேமிப்பகம். 900 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய செலரான் செயலி 630 மெகாஹெர்ட்ஸில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. இயங்குதளம் லினக்ஸ். திரையில் பெரிய பெரிய சின்னங்கள்: இணையம், வேலை, கற்றல், விளையாட்டு. பொத்தானை அழுத்திய அரை நிமிடத்துக்குள் கருவி தயாராகிவிடும். சுழலும் வட்டு இல்லாததால் கீழே விழுந்தாலும் தரவு அழியும் அச்சம் குறைவு.

இதை வாங்கியவர்கள் யார் என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியமானது. 2008 நவம்பரில் முதலீட்டாளர் கூட்டமொன்றில் இன்டெல் நிறுவனத்தின் விற்பனைத் துறைத் துணைத் தலைவர் ஸ்டூ பான் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். வளரும் சந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் என்று தாங்கள் கருதிய கருவி, உண்மையில் மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே பெருமளவில் விற்கிறது என்றார். ஒரு மணி நேரப் பயன்பாட்டுக்கு அது சரி. நாள்தோறும் பயன்படுத்தத்தக்கது அன்று என்பதும் அவர் கருத்து.

இந்த இரு கூற்றுகளையும் இணைத்துப் படிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஏற்ற கருவி ஒருவருக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமென்றால், மீதி நேரத்துக்கு அவரிடம் வேறொரு கருவி இருக்க வேண்டும். இலண்டனிலோ பாஸ்டனிலோ இதை வாங்கியவர் பயணத்துக்காக, சமையலறை மேசைக்காக, படுக்கையில் படிப்பதற்காக வாங்கினார். ஆய்வேட்டை எழுதவும் படங்களைத் திருத்தவும் அவர் மேசையில் முழுக் கணினி இருந்தது. எனவே அவரால் எதிர்பார்ப்பை நிம்மதியாகக் குறைத்துக்கொள்ள முடிந்தது. அன்று ஆங்கில இதழ்களில் மதிப்புரை எழுதியவர்களின் நிலையும் இதுவே.

நம் நாட்டிலும் அதே அலை உடனே வந்தது. 2008 ஜனவரியில் எச்சிஎல் நிறுவனம் ‘மைலீப்’ வரிசையை அறிமுகம் செய்தது. அதன் தொடக்க விலை 14,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இங்கே அந்த விலையில் மாணவருக்கு வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் பலவற்றில் அது இரண்டாம் கணினியாக இல்லை. வீட்டின் முதல் கணினியும் ஒரே கணினியும் அதுவே. கருவியும் மதிப்புரையும் ஒன்றாகவே பயணம் செய்தன. மதிப்புரைக்குப் பின்னால் இருந்த மேசைக் கணினி மட்டும் உடன் வரவில்லை.

4. எல்லைக்கோடுகள் எழுதப்பட்ட விதம்

2008 ஜூனில் இன்டெலின் ஆட்டம் என்270 செயலி வந்தபின் குறுங்கணினிகளின் உள்ளமைப்பு ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் இருந்தது. ஆனால் கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும் பழைய முறைக்கு அது திரும்பியிருந்தது. 1995இல் பென்டியம் புரோ வந்தபோது இன்டெல் தன் முதன்மைச் செயலிகளில் கைவிட்ட முறை அது. ஒரு கட்டளை நினைவகத்துக்காகக் காத்திருந்தால் அடுத்தடுத்தவையும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் அதே கிகாஹெர்ட்ஸ் எண் கொண்ட வேறொரு செயலியோடு இதை ஒப்பிட முடியாது. மின்சாரத்தைச் சேமிக்க இது நியாயமான பொறியியல் தீர்வு. எனினும் செயலி 2.5 வாட்டுக்குள் அடங்கியபோது, அதனுடன் இணைத்து விற்கப்பட்ட பழைய துணைச்சில்லுகள் அதைவிட அதிக மின்சாரத்தைக் குடித்தன. என்விடியா தன் மாற்றுச் சில்லைப் பொருத்த முயன்றபோது, ஆட்டத்தைத் தனியாக வாங்குவதைவிட இன்டெலின் துணைச்சில்லுகளோடு சேர்த்து வாங்குவது மலிவாக இருக்கும்படி விலை வைக்கப்பட்டுள்ளது என்று அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2009இல் புகார் கூறினார். இன்டெல் அதை மறுத்தது.

இயங்குதளத்தின் கதை இன்னும் தெளிவானது. 2007 ஜனவரியில் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா குறுங்கணினிகளில் ஓடும் நிலையில் இல்லை. லினக்ஸ் அந்த வெற்றிடத்தில் நுழைந்தது. உடனே மைக்ரோசாஃப்ட், 2008 ஜூன் 30உடன் விற்பனையை நிறுத்துவதாக இருந்த விண்டோஸ் எக்ஸ்பியை, மிகக் குறைந்த விலைக் கணினிகள் என்ற புதிய வகைக்கு மட்டும் மலிவு உரிமத்தில் நீட்டித்தது. அந்த மலிவு உரிமத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. திரை 10.2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, நினைவகம் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது, வன்வட்டு 80 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பவை முதலில் வெளியான வரம்புகள். திரைக்கும் வன்வட்டுக்கும் உரிய வரம்புகள் பின்னர் சிறிது தளர்த்தப்பட்டன.

இந்த ஆவணத்தை வரலாற்று மாணவர்கள் நின்று படிக்க வேண்டும். நினைவகத்தின் விலை வேகமாக வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நிறுவனம் சில டாலர் கூடுதலாகச் செலவழித்து 2 ஜிபி நினைவகத்தைப் பொருத்தி விற்க முனைந்தால், மலிவு உரிமம் கையைவிட்டுப் போகும். ஆகவே அன்றைய நெட்புக்குகள் பெரும்பாலும் 1 ஜிபியில் வந்து நின்றதற்குப் பொருளின் விலை மட்டும் காரணமில்லை. வரம்பு எழுத்தில் இருந்தது. 2008இல் வந்த ஈ பிசி 900ஐ லினக்ஸுடன் வாங்கியவருக்கு 20 ஜிபி சேமிப்பகம் கிடைத்தது. பல சந்தைகளில் அதே விலையில் விண்டோஸுடன் வாங்கியவருக்கு 12 ஜிபி. உரிமக் கட்டணத்தைப் பயனர் சேமிப்பக இடமாகச் செலுத்தினார் என்று இதைச் சொல்லலாம். ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையாகும் நெட்புக்குகளில் 96 விழுக்காடு தன் இயங்குதளத்தில் ஓடுகிறது என்று 2009 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டே பெருமையுடன் அறிவித்தது.

வரம்பு ஏன் தேவைப்பட்டது? 2009 ஜனவரியில் அந்நிறுவனம் 5,000 பேர் வரை வேலைநீக்கம் செய்வதாக அறிவித்தபோது, தனிக்கணினி மென்பொருள் வருவாய் வீழ்ந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, வாங்குவோர் நெட்புக் பக்கம் திரும்பியது. மலிவுக் கணினி நன்றாக இயங்கினால் விலையுயர்ந்த கணினியை யார் வாங்குவார் என்ற அச்சம் இயங்குதள நிறுவனத்துக்கும் செயலி நிறுவனத்துக்கும் பொதுவாக இருந்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இதன் உச்சம். ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்க முடியாது என்ற கட்டுப்பாடு முதலில் திட்டமிடப்பட்டு, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆனால் மேசைத்திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது என்ற கட்டுப்பாடு நீடித்தது. படத்தை மாற்றுவதற்கு எந்தச் செயலியின் திறனும் தேவையில்லை. வாங்கியவர் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறவாதிருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

5. காத்திருப்பின் உட்கூறுகள்

இக்கருவிகளில் நாள்தோறும் நேர்ந்த எரிச்சல்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல இந்தப் பிளவிலிருந்தே வந்தவை. திரை 1024க்கு 600 புள்ளிகள். பெரும்பாலான மென்பொருள்கள் 768 புள்ளி உயரத்தை எண்ணி எழுதப்பட்டவை. எனவே ‘சரி’ என்று அழுத்த வேண்டிய பொத்தான் திரைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். கருவி சொன்னதைக் கேட்கவில்லை என்று பயனர் நினைப்பார். அது அவர் விடைக்காகக் காத்திருக்கும். முதல் தலைமுறை மலிவுத் திண்மச் சேமிப்பகங்கள் எழுதும் வேகத்தில் மிகப் பின்தங்கியவை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் பின்னணியில் கோப்புகளைத் தேடத் தொடங்கினால் முன்னணியில் எல்லாம் உறைந்து நிற்கும். நினைவகம் தீர்ந்ததும் இயங்குதளம் வட்டைத் துணைக்கு அழைக்கும். வட்டோ செயலியைவிடப் பன்மடங்கு மெதுவானது.

இதற்கிடையே இணையமும் கனத்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் காணொளிகள், தானே புதுப்பித்துக்கொள்ளும் பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறிவந்த விளம்பரங்கள் ஆகியவை 2007இன் கருவியிடம் 2010இன் உழைப்பைக் கேட்டன. வன்பொருள் விரைவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்று சுவிஸ் கணினியறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்திருந்தார். மேல்தட்டுக் கருவிகளில் அந்த எடை தெரிவதில்லை. அடித்தட்டுக் கருவியில் ஒவ்வொரு நொடியும் தெரியும். மென்பொருள் எழுதுபவரின் மேசையில் இருப்பது மேல்தட்டுக் கருவி என்பதால், இந்தச் செலவை உண்டாக்கியவர் ஒருவர், கொடுத்தவர் வேறொருவர்.

காத்திருப்பு மனிதருக்கும் ஒன்றைக் கற்பிக்கிறது. பல செயலிகளைத் திறக்காதே, பெரிய கோப்பைத் தொடாதே, காணொளியின் தரத்தைக் குறைத்துக்கொள், புதிய மென்பொருளை நிறுவாதே என்ற தற்காப்புப் பழக்கங்களைக் குறுங்கணினிப் பயனர் கற்றார். இசட்எக்ஸ்81 பயனர் கற்றது கருவியை எப்படி ஆள்வது என்பதை. இவர் கற்றது எதையெல்லாம் முயலக்கூடாது என்பதை. எதிர்பார்ப்புக் குறைவு என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட தயக்கம்தான்.

6. அரசு சொன்ன ‘போதும்’

இந்தியாவுக்கென ஒரு தனி மரபும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிஞர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001இல் அறிமுகமானது. 9,000 ரூபாய் விலை இலக்கு. ஆனால் அதன் வடிவமைப்பாளர்கள், ஓர் ஏழைக் குடும்பம் தனியே ஒரு கருவி வாங்க இயலாது என்று கருதி, ஒரே கருவியை ஊரார் பலர் திறன் அட்டை செருகிப் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்தார்கள். இந்திய மொழி எழுத்தை ஒலியாக்கும் வசதியும் இருந்தது. விற்பனையில் அது தோற்றது. ஆயினும் பயனரின் நிலைமையிலிருந்து புறப்பட்ட சிந்தனை அது.

அதற்குப் பின் வந்தவை விலையிலிருந்து புறப்பட்டன. 2009 பிப்ரவரியில் திருப்பதியில், மிகமிக மலிவான மடிக்கணினி என்று நாளேடுகள் எதிர்பார்த்திருந்த ‘சாக்ஷாத்’ கருவி காட்டப்பட்டபோது, அது திரையும் விசைப்பலகையும் இல்லாத சேமிப்புக் கருவி என்று தெரிந்தது. 2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட ‘ஆகாஷ்’ பலகைக் கணினியில் 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும், நகத்தால் அழுத்தினால்தான் உணரும் வகைத் தொடுதிரையும் இருந்தன. டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அதை அரசு 2,276 ரூபாய்க்கு வாங்கியது. 35 டாலர் என்ற எண் உலகெங்கும் செய்தியானது. அந்தக் கருவியில் ஒரு பாடநூலின் பக்கத்தைத் திருப்ப எவ்வளவு நேரமாகும் என்பது செய்தியாகவில்லை. சோதனைத் தரம் பற்றி இராஜஸ்தான் ஐஐடிக்கும் நிறுவனத்துக்கும் பிணக்கு எழுந்து, பொறுப்பு மும்பை ஐஐடிக்கு மாற்றப்பட்டது. 2012 நவம்பர் 11 அன்று 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 512 எம்பி நினைவகமும் கொண்ட ஆகாஷ் 2 வந்தது. ஏறத்தாழ அதே விலையில் பதின்மூன்று மாதங்களில் இவ்வளவு மேம்பட முடிந்தது என்றால், முதற்கருவியை அவசரப்பட்டு மாணவர் கையில் கொடுத்ததற்கு விலை ஒரு காரணமாக நிற்காது.

இதே 2011இல், செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன் அரசியலையும் பயன்பாட்டையும் பற்றித் தனியே விவாதிக்கலாம். நம் கேள்வியின் எல்லைக்குள் ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும்: மாணவருக்கென்று குறுக்கப்பட்ட தனிவகைக் கருவியைத் தராமல், கடையில் எவரும் வாங்கும் முழு அளவு மடிக்கணினியை அத்திட்டம் தந்தது. கருவி அவரவர் சொந்தமானது. ‘ஏழை மாணவருக்கான கணினி’ என்று தனியாக ஒரு பொருள் இருக்கத் தேவையில்லை என்பது அக்கொள்முதலின் உள்ளுறைக் கருத்து. தில்லியின் ஆகாஷையும் சென்னையின் மடிக்கணினியையும் ஒரே ஆண்டின் இரு ஆவணங்களாக அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ள ஆய்வாக அமையும்.

7. முடிவும் தொடர்ச்சியும்

2010 ஜனவரியில் ஐபேடை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், நெட்புக் எதிலும் சிறந்ததில்லை என்று ஏளனம் செய்தார். மேலை நாடுகளில் அதை இரண்டாம் கருவியாக வைத்திருந்தவர்கள் எளிதில் பலகைக் கணினிக்கு மாறினார்கள். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8இன் புதுவகைச் செயலிகள் குறைந்தது 768 புள்ளி உயரத்தைக் கேட்டதால், 600 புள்ளித் திரைகள் வெளியே நின்றன. 2013 தொடங்கும்போது ஆசுஸும் ஏசரும் நெட்புக் உற்பத்தியை நிறுத்திவிட்டிருந்தன.

பெயர் மறைந்தது, வகை மறையவில்லை. 2014இல் 199 டாலருக்கு வந்த எச்பி ஸ்ட்ரீம் 11இல் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி சேமிப்பகமும் இருந்தன. இயங்குதளமும் அதன் புதுப்பிப்புகளும் அந்த 32 ஜிபியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க, புதுப்பிக்கப் போதிய இடமில்லை என்ற அறிவிப்பு அத்தகைய கருவிகளின் நிலையான வாசகமாயிற்று. 2011இல் தொடங்கிய குரோம்புக் வரிசை மென்பொருளை ஒல்லியாக வைத்து வேகச் சிக்கலை ஓரளவு தீர்த்தது. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் புதுப்பிப்பு முடியும் தேதி ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. பள்ளிகள் பல ஆண்டுகள் முறையிட்டபின் 2023 செப்டம்பரில் கூகுள் அதைப் பத்தாண்டுகளாக நீட்டியது. எதிர்பார்ப்பு உயர்ந்தபோது எல்லை நகர்ந்தது என்பதற்கு இது அண்மைச் சான்று.

8. ஒரு மறுப்பும் விடையும்

ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேல் அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஈ பிசியும் ஆகாஷும் இல்லாதிருந்தால் மடிக்கணினிகளின் விலை இவ்வளவு விரைவில் இறங்கியிருக்காது. மலிவு என்பதே குற்றமென்று நான் வாதிடவில்லை. மேலே கண்ட எல்லைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மலிவால் விளைந்தவை அல்ல என்பதே நான் சுட்ட விரும்புவது. கட்டிவைத்த செயலி வேகம், உரிமத்தால் நின்றுபோன நினைவகம், மாற்ற முடியாத பின்னணிப் படம், குறிக்கப்பட்ட காலாவதித் தேதி ஆகியவற்றைப் பொருளின் விலை கட்டாயப்படுத்தவில்லை. பயனர் ‘இந்த விலைக்கு இது போதும்’ என்னும்போது, விலை செய்யாத குறைகளையும் விலையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்.

இது பழங்கதை இல்லை. 2020 மார்ச்சில் வகுப்புகள் மூடப்பட்டபோது யார் எந்தக் கருவியுடன் இணைய வகுப்புக்கு வந்தார் என்பதை ஆசிரியர்கள் நேரில் கண்டார்கள். இன்றும் நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேட்டை, அடிக்குறிப்புகளும் படங்களும் ஏறஏறத் திணறும் 4 ஜிபி கருவியில் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். உரைநடை நூல்களைத் தரவுத்தொகுதியாக்கி ஆராய விரும்பும் மாணவர் கருவி தாங்காது என்று தலைப்பையே மாற்றிக்கொண்டால், அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. எழுதப்படாத ஆய்வேட்டுக்கு ஆவணக்காப்பகம் இல்லை.

கொள்முதல் ஆவணங்கள் கிகாஹெர்ட்ஸையும் ஜிபியையும் கேட்கின்றன. இருநூறு பக்கத் தமிழ் ஆவணம் எத்தனை நொடியில் திறக்க வேண்டும், இணைய வகுப்பு நடக்கும்போதே குறிப்பெடுக்க முடிய வேண்டுமா, நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலுமா, எத்தனை ஆண்டு புதுப்பிப்பு உறுதி என்ற வினாக்களையும் அவற்றில் சேர்க்கலாம். உங்கள் துறையிலோ நூலகத்திலோ கணினி வாங்கும் குழுவில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த நான்கையும் எழுத்தில் வையுங்கள். இத்துறையில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: பழைய ஒப்பந்தப்புள்ளிகள், உரிம நிபந்தனைகள், விளம்பரத் துண்டறிக்கைகள், மதிப்புரைகள் ஆகியவை நம் காலத்திலேயே மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுக்கத் தொடங்குங்கள்.